பின்மூடிக்குள் ‘கே 14’

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். அடுப்பில் பருப்பு அவிந்துகொண்டிருந்தது. தொலைபேசி அடித்தது. எடுத்தால் மிஸ்டர் வொங், என் பழைய பொறுப்பாளர். நான் வேலையை விட்டு இரண்டரை வருடமாகிறது. அதற்குள் அவர் என்னை இரண்டு தடவைதான் அழைத்திருக்கிறார். இரண்டும் புதுவருட வாழ்த்து. இது மே மாதம்.

“கமலா, கழுத்து எப்படி?” என்றார். அவர் பேசுவது ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

“பரவாயில்லை.”

“நல்லது. என் மேசையில் ஒரு கைமணிக்கூடு இருக்கிறது. பின்மூடிக்குள் உங்கள் அடையாளம். திகதி போன ஒக்ரோபர்.” கொஞ்சம் நிறுத்தினார். “மணிக்கூடு போலி.”

நான் அடுப்பை அணைத்தேன். அடுப்பை அணைத்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு நிமிடம் என்ன செய்தேன் என்று தெரியாது.

எங்கள் பழுதுபார்க்கும் நிலையத்தில் அண்மையில் சேர்ந்த இரண்டு பெண்கள் எனக்கு அவ்வப்போது எழுதுவார்கள். இப்போது போலிகள் மிக நன்றாக வருகின்றன, வீட்டில் வைத்துப் பழகுவதற்கு அவை நல்லவை, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். ஒரு வரியில் பதில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். சொல்ல முடியவில்லை. நடந்ததை முழுதாகவே எழுதுகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது இருபத்தெட்டு வயதில். நாலு வருடம் ஒரு தொழிற்சாலையில் சர்க்கிட் பலகைகளில் ஈயம் வைத்தேன். அங்கிருந்த மேற்பார்வையாளர் என் கையைப் பார்த்துவிட்டு, மணிக்கூடு திருத்தப் படி என்றார். இரண்டு வருடம் மாலை வகுப்பு. பிறகு டவுண்டவுனில் ஒரு பழுதுபார்க்கும் நிலையம், பதினாலாம் இலக்க மேசை. இருபத்திரண்டு வருடம் அதே மேசை. நான் சேர்ந்தபோது அங்கே பெண் நான் ஒருத்திதான். வாடிக்கையாளர் யாராவது உள்ளே எட்டிப் பார்த்தால் என்னைத் துப்புரவுக்கு வந்தவள் என்று நினைத்து, குப்பைக் கூடையைக் காட்டுவார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. குப்பையை எடுத்துக் கொட்டிவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தேன்.

நான் சேர்ந்து ஐந்தாம் வருடம் மிஸ்டர் வொங் பொறுப்பாளராக வந்தார். என்னைவிட ஏழு வயது இளையவர். மேசைக்கு உட்கார முன்பு கையைக் கழுவுவார். கழுவினால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். அவர் விரல் துடைத்து முடியும்வரை யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

நாங்கள் திருத்திக் கொடுத்த மணிக்கூடு ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்தால், காலையில் அதை அவரவர் மேசையில் முகம் குப்புற வைத்துவிட்டுப் போவார். கடதாசி கிடையாது, ஒரு சொல் கிடையாது. நாம் பின்மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே நம்முடைய அடையாளத்தைப் பார்க்க வேண்டும். பிழையை நாமே கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அவரிடம் போய் என்ன பிழை என்று சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்பார்: “அன்றைக்கு என்ன அவசரம்?”

எனக்கு முதன்முதலாகக் குப்புறக் கிடந்தது ஒரு பாடசாலை பஸ் ஓட்டுநரின் மணிக்கூடு. நாளுக்கு ஒரு தடவை நின்றுவிடுகிறது, தட்டினால் ஓடுகிறது என்று சொல்லியிருந்தார். இரண்டு மணித்தியாலம் தேடினேன். மூன்றாவது சக்கரத்தின் அச்சில் ஒரு நீல இழை. என் கம்பளிச் சட்டையின் இழை. போய்ச் சொன்னேன். “அன்றைக்கு என்ன அவசரம்?” என்றார். அன்றைக்கு என் மகன் நிரூவுக்குக் காய்ச்சல், டேகெயாரில் இருந்து இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார்கள். அதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்தக் குளிரிலும் நான் கம்பளியோடு மேசைக்கு உட்காரவில்லை.

அந்த இடத்தின் விதி இரண்டு. ஒன்று, திறந்தவர் ஒப்பமிட வேண்டும். வேலை முடிந்து பூட்ட முன்பு பின்மூடியின் உட்பக்கத்தில், கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு, ஊசியால் கீற வேண்டும்: பெயரின் முதல் ஆங்கில எழுத்து, மேசை இலக்கம், மாதம், வருடம். என்னுடையது கே 14. மணிக்கூட்டின் சொந்தக்காரருக்கு அது தெரியாது. அடுத்து யார் திறக்கிறாரோ அவருக்கு மட்டும்தான் அது. உலகத்தில் எத்தனையோ பேர் என் எழுத்தைக் கையில் கட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று சில நாள் பஸ்ஸில் வரும்போது நினைப்பேன். அது ஒரு பெருமைதான்.

இரண்டாவது விதி, போலியைத் திறக்கக் கூடாது. திறந்த பிறகுதான் போலி என்று தெரிந்தால், ஒன்றையும் தொடாமல் பூட்டி, சாம்பல் நிறப் பையில் போட்டுத் திருப்பிவிட வேண்டும். மிஸ்டர் வொங் அந்தப் பையைக் கவுண்டரில் நீட்டமாட்டார். வாடிக்கையாளரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டுச் சொல்வார். “போலி” என்ற சொல்லை அங்கேயும் பாவிப்பதில்லை. “இது அந்த வீட்டில் பிறந்ததில்லை” என்பார். சிலர் சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள், தெரிந்துதான் வாங்கியிருப்பார்கள். சிலர் வெளியே வர நேரமாகும்.

ஆகவே இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு போலியையும் திருத்தியதில்லை. ஐம்பத்தாறு வயதில் கழுத்து எலும்பு தேய்ந்து, குனியக் கூடாது என்று வைத்தியர் சொல்ல, வேலையை விட்டேன். நகரின் கிழக்குப் பக்கம், வோபர்னில் எங்கள் வீட்டில் நானும் மகன் நிரூபனும்தான். அவன் அப்பா போய் ஆறு வருடம். நிரூ ஒரு வங்கியில் மோசடிகளைப் பிடிக்கிற பிரிவில் வேலை செய்கிறான். அவன் வேலைக்குப் போனால் திரும்பி வரும்வரை வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம்தான்.

போன ஒக்ரோபரில் ஒரு நாள் மேசையில் ஒரு மணிக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தான். நீருக்கடியில் போகிறவர்கள் கட்டுகிற வகை, கனமான உலோகப் பட்டி, முகத்தில் பெரிய சுவிஸ் பெயர்.

“ரெப்ளிக்கா அம்மா. ஒன்லைன்ல எடுத்தது. உங்களுக்குத் தெரியும் எண்டுதான் வீட்டிலை கட்டாமல் ஒளிச்சு வச்சனான்.”

“பிறகேன் இப்ப காட்டுறாய்?”

“நாளுக்கு ரெண்டு நிமிசம் ஸ்லோ. கையை ஆட்டினால் உள்ளுக்கை ஏதோ உருளுற சத்தம் கேக்குது. நீங்கள் பாக்கமாட்டியள் எண்டு தெரியும். சும்மா கேக்கிறன்.”

பார்க்கமாட்டேன் என்றுதான் சொன்னேன். அவன் போனதும் கையில் எடுத்துக் காதில் வைத்தேன். அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும்: உள்ளே ஆடுகிற அரைவட்டத் தகட்டின் குண்டுகளில் எண்ணெய் இல்லை. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கழுத்துக்காக மேசைமேல் இரண்டு தடித்த தொலைபேசிப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் ஒரு பலகையை வைத்து, வேலையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினேன். பழைய கட்டில் விரிப்பின் ஒரு ஓரத்தை மேசையில் ஒட்டி, மறு ஓரத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன். விழுகிற எதுவும் மடியில் விழ வேண்டும். கழற்றுகிற ஸ்குரூக்களைப் போட ஐஸ் கட்டித் தட்டு.

பின்மூடியைத் திறந்து, முதலில் ஆடும் தகட்டைக் கழற்றினேன். அடுத்து ஸ்பிரிங்கின் இழுவையை விட வேண்டும். குமிழை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, தடுக்கிற கொளுக்கியை ஊசியால் விலக்கி, குமிழை விரல்களுக்குள் மெல்ல மெல்லப் பின்னால் வழுக விட வேண்டும். இதைச் செய்யாமல் மேலே போனால் சக்கரங்கள் ஒரே வீச்சில் சுழன்று ஒன்றையொன்று உடைத்துக்கொள்ளும். இழுவை தீர்ந்த பிறகு இயந்திரத்தை வெளியே எடுத்து, முகத்தில் ஒரு பிளாஸ்ரிக் தாளை வைத்து, முட்களை நெம்பினேன். பிறகு முகத் தகடு. பிறகு பலன்ஸ் சக்கரம், அதை மயிர் போன்ற சுருளோடு தொங்க விடாமல் சேர்த்துத் தூக்க வேண்டும். பிறகு பல் பல்லாகச் சக்கரத்தை விடுகிற சின்னக் கவை. ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சுவிஸ் இயந்திரத்தை அப்படியே பார்த்துச் செய்திருக்கிறார்கள், ஒரு துளைகூட மாறவில்லை. ஆனால் ஸ்பிரிங் உருளைக்குள் எண்ணெயை ஊற்றியிருந்தார்கள். கவையின் கற்களில் ஒரு பொட்டும் இல்லை. ஒரு பாலத் தகட்டின் அடியில் உலோகத் தூள். பரீட்சைத் தாளைப் பார்த்து எழுதியவன், விளங்காத இடத்தில் கிறுக்கியது போல.

யன்னலைத் திறந்து வைத்துக் கரைசலில் எல்லாவற்றையும் கழுவினேன். துளைகளை மெல்லிய மரக்குச்சியால் துடைத்தேன், குச்சி வெள்ளையாக வரும்வரை. எண்ணெய் நான்கு வகை: கனமானது கனமான இடத்துக்கு, பலன்ஸ் கற்களுக்கு மிக மெல்லியது, ஒரு துளியிலும் சின்னது. எல்லாம் பூட்டிச் சாவி கொடுத்து, சீராக்கும் நெம்பை ஒரு மயிரிழை நகர்த்தி, ஓட்டம் பார்க்கும் கருவியில் வைத்தேன். நாளுக்கு இரண்டு நிமிடம் பிந்திக்கொண்டிருந்தது நாலு வினாடிக்குள் வந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

திகதி இலக்கங்கள் தடித்து, சாளரத்தில் கொஞ்சம் கீழே உட்கார்ந்திருந்தன. அது கண்ணை உறுத்தியது. நல்ல அச்சுள்ள திகதி வளையம் ஒன்று தேடி வாங்கி மாற்றினேன். கண்ணாடியில் திகதிக்கு மேல் இருக்கிற வில்லை போதிய அளவு பெருப்பித்துக் காட்டவில்லை. கண்ணாடியை மாற்றினேன். இருட்டில் ஒளிரும் பூச்சு புள்ளிகளில் திட்டுத் திட்டாக இருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பினேன். முட்களின் நடுத் துளை ஓரங்கள் பிசிராக இருந்தன. தேய்த்து எடுத்தேன். மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையும் கழுத்து நோவு எனக்குத் தெரியவில்லை.

இப்போது விளங்குகிறது. அந்தக் குறைகள் ஒவ்வொன்றும், கண் உள்ளவருக்கு, இது போலி என்று சொல்லிக்கொண்டிருந்தன. நான் அவற்றை ஒவ்வொன்றாக வாயடைத்தேன். முகத்தில் இருந்த பெயர்தான் ஒரே பொய். அதை மட்டும் தொடவில்லை. அது என் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசி நாள் நிரூ பக்கத்தில் இருந்தான். பின்மூடியைக் கையில் எடுத்தேன். ஊசியை எடுத்தேன். யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் வேலை முடிந்தால் கை செய்கிற காரியத்தைச் செய்தது. கே 14, மாதம், வருடம்.

“என்னம்மா அது?”

சொன்னேன். அவன் லென்ஸை வாங்கிப் பார்த்தான். பிறகு தொலைபேசியை எடுத்து, லென்ஸுக்கு மேலே வைத்துப் படம் எடுத்தான். “திஸ் இஸ் சோ கூல், அம்மா. நீங்கள் சைன் பண்ணின மணிக்கூடு எண்டு ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்பப் போறன்.” எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. என் வேலையைப் பற்றி அவன் அதற்கு முன் ஒன்றும் கேட்டதில்லை.

மேயில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புகிறேன்.

மிஸ்டர் வொங் மிச்சத்தைச் சொன்னார். நகருக்கு வெளியே பிறம்ரனில் இருந்து ஒருவர் பட்டியின் நீளத்தைக் குறைக்க வந்திருக்கிறார். அறுபதாவது பிறந்தநாளுக்கு மனைவி வாங்கிக் கொடுத்த மணிக்கூடு. கவுண்டரில் இருந்த பையன் புதியவன். அதை அசல் என்று எண்ணி, தண்ணீர் புகுகிறதா என்று பார்க்கத் திறந்திருக்கிறான். திறந்தவுடன், ஆட்கள் வரிசையில் நிற்க, அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறான்: “சேர், இது போலி.” பக்கத்து அறையும் இல்லை, கதவும் இல்லை.

“அந்த மனிதர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். மனைவிதான் பிறகு இதைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தார்” என்றார் மிஸ்டர் வொங். “விற்றவரின் விளம்பரத்தில் பின்மூடியின் படம் இருந்ததாம். எங்கள் நிலையத்து ஆள் பார்த்த மணிக்கூடு என்று எழுதியிருந்ததாம். வாங்க முன்பு அவர் இங்கே தொலைபேசி எடுத்து, கே 14 உங்கள் ஆளா என்று கேட்டிருக்கிறார். நாங்கள் ஓம் என்றிருக்கிறோம்.”

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“கே 14 யார் என்று கேட்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை. இங்கே வேலை செய்யாத ஒருவர், தகவல் இல்லை என்று எழுதலாம். அது பொய்யும் இல்லை. நான் என்ன எழுத?”

அன்றைக்கு என்ன அவசரம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஒரு அவசரமும் இல்லை. வாழ்க்கையில் இவ்வளவு ஆறுதலாக, நேரமெடுத்து நான் ஒரு மணிக்கூடும் திருத்தியதில்லை.

“என் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள்” என்றேன்.

“நிச்சயமாக?”

“திறந்தது நான்.”

“சரி” என்று வைத்துவிட்டார்.

நிரூ ஆறு மணிக்கு வந்தான். சப்பாத்தைக் கழற்ற விட்டுவிட்டுக் கேட்டேன்.

“நான் சேர்விஸ் பண்ணித் தந்த மணிக்கூடு எங்கை?”

“எது? அந்த டைவரோ? அது அப்பவே சுதனுக்குக் குடுத்திட்டனே.”

சுதன் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறான்.

“குடுத்தனியோ, வித்தனியோ?”

“மாத்தினது. அவன்ரை ஹெட்போனுக்கு. ஏனம்மா?”

சொன்னேன். அவன் கதிரையில் இருந்தான். முகம் போன போக்கைப் பார்த்து, இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு கணம் ஆறுதலாக இருந்தது.

“சுதன் அதை என்ன செய்யப்போறான் எண்டு உனக்குத் தெரியுமோ?”

“விக்கப்போறன் எண்டு சொன்னவன்.”

“என்னவெண்டு சொல்லி?”

“நான் கேக்கேல்லை.”

“ஏன் கேக்கேல்லை?”

அவன் தொலைபேசியை மேசையில் சுற்றிக்கொண்டிருந்தான். “கேட்டால் சொல்லியிருப்பான், அம்மா.”

அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் ஏசியிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன்தான் தொடங்கினான். “நீங்கள் ஏன் நம்பரைக் குடுத்தனீங்கள்? நான் இருக்கிறது எந்த டிப்பார்ட்மென்ற் எண்டு தெரியும்தானே. என்ரை பேர் ஒரு பொலிஸ் ரிப்போர்ட்டிலை வந்தால் அடுத்த நாளே வேலைப் பாஸைக் கழட்டி வாங்கிப் போடுவினம். ஞாபகம் இல்லை எண்டு சொல்லியிருக்கலாமே.”

“என்ரை எழுத்து எனக்கு ஞாபகம் இல்லை எண்டோ?”

“நீங்கள்தானே அதை ரியலை விட நல்லாச் செய்து வச்சனீங்கள்! நான் கேட்டது ஸ்லோவாப் போறதைத் திருத்தச் சொல்லி மட்டும்!”

எழும்பிப் போய்விட்டான். அவன் சொன்னதில் பிழை இல்லை. பருப்பைத் திருப்பி அடுப்பில் வைத்தேன்.

புதன்கிழமை காலை ஒரு பெண் அழைத்தாள். ஆங்கிலத்தில் தொடங்கி, நான் ஹலோ சொன்ன விதத்தைக் கேட்டுத் தமிழுக்கு மாறினாள்.

“நீங்கள் தமிழோ?”

“ஓம்.”

“தமிழ் ஆள் எண்டு நான் நினைக்கேல்லை. என்ரை பேர் ஜெசிந்தா. சனிக்கிழமை பதினொண்டுக்கு வருவன். அட்ரஸைச் சொல்லுங்கோ.” சொன்னேன். “ஆர் வித்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?” என்றாள். தெரியும், என் மகனும் வீட்டில் இருப்பான், எல்லாம் நேரில் சொல்கிறேன் என்றேன். “நேரிலையே சொல்லுங்கோ” என்று வைத்துவிட்டாள்.

நிரூ சுதனைத் தேடினான். தொலைபேசி நிறுத்தியிருந்தது. அவன் இருந்த அடுக்குமாடிக்குப் போனால், வேலைக்கென்று மேற்கே போய்விட்டான் என்று கூட இருந்தவன் சொன்னானாம். வெள்ளிக்கிழமை நிரூ தன் கணக்கில் இருந்து எடுத்துக்கொண்டு வந்த கவரை மேசையில் வைத்தான். “அவன்ரை விளம்பரத்திலை இருந்த முழுத்தொகை” என்றான். சனிக்கிழமை அவன் வீட்டில் நிற்பானா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எங்கள் வீட்டுப் பழக்கம் என்று அன்றுதான் கண்டுகொண்டேன்.

சனிக்கிழமை பதினொன்றுக்கு ஒருவரும் வரவில்லை. நிரூ யன்னலடியில் நின்றான். வேலைக்குப் போகிற சட்டையைப் போட்டிருந்தான். பதினொன்றேகாலுக்கு வீதியில் ஒரு பொலிஸ் கார் வந்து, எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பதினொன்று நாற்பதுக்கு ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. அவள் தனியாக இறங்கினாள்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். களஞ்சியத்தில் காலை வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள். இரும்பு வைத்த சப்பாத்து, ஒளிரும் மஞ்சள் மேலங்கி. வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள். நாடா இறுகியிருந்தது. பரவாயில்லை, போட்டுக்கொண்டே வாருங்கள் என்றேன். அவள் இரண்டு சப்பாத்தையும் ஆறுதலாகக் கழற்றி, சுவரோடு சேர்த்து ஒழுங்காக வைத்தாள். அந்த நேரம் முழுக்க நானும் மகனும் பக்கத்தில் நின்றோம்.

“தேத்தண்ணி…” என்றேன்.

“வேண்டாம்.” நிலையத்தில் திருப்பி வாங்கி வந்த சாம்பல் நிறப் பையைக் கைப்பையில் இருந்து எடுத்து மேசையில் வைத்தாள். “ஆர் கே பதினாலு?”

“நான்தான்.”

என் கைகளைப் பார்த்தாள், முகத்தைப் பிறகுதான் பார்த்தாள். “ஒரு ஆம்பிளை எண்டு நினைச்சன்.”

நான் நடந்ததைச் சொன்னேன். கழற்றியது, கழுவியது, திகதி வளையம், கண்ணாடி, ஒளிரும் பூச்சு, கடைசியில் ஊசி. ஒன்றும் விடவில்லை. என் மனநிலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதைக் கேட்க வரவில்லை. பிறகு நிரூ தன் பங்கைச் சொன்னான். சுதன் விற்கப்போகிறான் என்று தெரியும், எப்படி என்று கேட்கவில்லை என்றும் சொன்னான். அதை அவன் விட்டுவிடுவான் என்று பயந்துகொண்டிருந்தேன். விடவில்லை. கவரை அவள் பக்கம் தள்ளினான்.

ஜெசிந்தா அதை எண்ணாமல் கைப்பையில் வைத்தாள். “தம்பி எங்கை வேலை?”

அவன் சொன்னான். எந்தப் பிரிவு என்பதையும் சொன்னான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பில்லை. “மோசடி பிடிக்கிற இடமோ? நல்லாப் பிடிச்சியள்.”

நிரூ தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் விசாரிக்காமல் வாங்கேல்லை” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். “போன் எடுத்துக் கேட்டனான். ஓம், கே பதினாலு எங்கடை ஆள்தான், நல்ல வேலைக்காரர் எண்டு அங்கை இருந்த பிள்ளை சொன்னது. அந்த ஒரு சொல்லுக்குத்தான் வாங்கினனான். பிறந்தநாளுக்கு எடுத்த ஹோலிலை எல்லாருக்கும் முன்னாலை மனுசன்ரை கையிலை கட்டி விட்டனான். ரெண்டாம் கிழமை, அங்கை லைனிலை நிண்ட ஆக்களுக்கு முன்னாலை அந்தப் பெடியன் சொல்லியிருக்கிறான். வீட்டை வந்து என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை அவர். கழட்டி மேசை லாச்சியிலை வச்சிட்டார். நானாக் கண்டுபிடிச்சனான்.”

“இண்டைக்கு அவர்…”

“கூப்பிட்டன். வரேல்லை. ‘நீ ஏமாந்தது எனக்குக் கவலையில்லை, நான் காட்டிக்கொண்டு திரிஞ்சதுதான்’ எண்டு சொல்லுறார்.”

நான் பையில் இருந்து மணிக்கூட்டை வெளியே எடுத்தேன். ஓடிக்கொண்டிருந்தது. வரும் வழியில் காரின் அசைவே அதற்குப் போதும். நேரத்தை மேசைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். பழக்கம்.

“இதை நான் வச்சிருக்கிறன். உடைச்சு எறிஞ்சு விடுறன். இனி ஒருத்தற்றை கைக்கும் போகாது” என்றேன். “பொலிசுக்குப் போறதெண்டால் போங்கோ. என்ரை பேரைக் குடுங்கோ. நான் மறுக்கமாட்டன்.”

நிரூ என்னைப் பார்த்தான். பிறகு, “என்ரை பேரையும்” என்றான்.

“பொலிசுக்குப் போக எனக்கு ரெண்டு நாள் லீவு எடுக்கவேணும்” என்றாள் ஜெசிந்தா. “உங்களுக்காக நான் லீவு எடுக்கமாட்டன்.” மணிக்கூட்டை என் கையில் இருந்து வாங்கினாள். “ஏன் உடைக்கிறது? ஓடுதுதானே.”

“ஓடும்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“உள்ளுக்கை எல்லாம் நான் பாத்தது. அஞ்சு வருசத்துக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை. அதுக்குப் பிறகும் எண்ணெய் மாத்தினால் ஓடும்.”

“பிந்துமோ?”

“நாளுக்கு நாலு வினாடி.”

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அவருக்கு இதின்ரை பாரம் பிடிச்சது. ஸ்ரியரிங்கைப் பிடிக்கேக்கை கையிலை இருக்கிறது தெரியுது எண்டு சொன்னவர். இப்ப வெறுங்கையைத் தடவுறார்.” முகத்தில் இருந்த சுவிஸ் பெயரை நகத்தால் தொட்டாள். “உது அழியுமோ?”

நான் விளங்காமல் பார்த்தேன்.

“உந்தப் பேர். உதுதானே பொய். உதை அழிக்கலாமோ?”

“முள்ளைக் கழட்டி, முகத்தைக் கழட்டி, கரைசலிலை நனைச்ச குச்சியாலை எழுத்து எழுத்தா எடுக்கலாம். அந்த இடம் கொஞ்சம் மங்கும்.”

“மங்கட்டும்.”

“பின்மூடிக்குள்ளை இருக்கிறதையும் தேய்ச்சு விடுறன்” என்றேன்.

“அது ஆரின்ரை?”

“என்ரை.”

“உங்கடை எண்டால் ஏன் அழிக்கிறியள்?” என்றாள். கதிரையை இழுத்து என் மேசைக்கு நேரே போட்டு, மஞ்சள் மேலங்கியோடு இருந்துகொண்டாள். “முன்னுக்கு இருக்கிறதை அழியுங்கோ. எனக்கு இண்டைக்கு வேலை முடிஞ்சுது. நான் இருந்து பாக்கிறன்.”